தோரணம் பின்னிய கையும் போன்சோவும்

வாசகர் கடிதம்: எனக்கு 61 வயது. ஊர் பள்ளத்தூர். சிறு வயதில் அம்மாவிடம் குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) கற்றுக்கொண்டேன். வாசல் தோரணம், மேசை விரிப்பு, கொட்டானுக்கு ஓரப் பின்னல் எல்லாம் போடுவேன். மகன் குடும்பம் பெங்களூரில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏசி பஸ்ஸில் போய் வருகிறேன். பஸ்ஸில் குளிர், காலையில் இறங்கினால் குளிர், பதினொரு மணிக்கு வெயில், நாலு மணிக்குத் தூறல். போன வருடம் மகன் அச்செடுத்துத் தந்த ஓர் ஆங்கிலக் குறிப்பைப் பார்த்து, உல்லன் நூலில் ஒரு போன்சோ (தலை வழியாக மாட்டும், கையில்லாத மேல் போர்வை) பின்னினேன். முக்கால் கிலோ எடை. பலகை போல விறைப்பாக நிற்கிறது, கழுத்து மட்டும் தொங்குகிறது. போட்ட பத்து நிமிடத்தில் வியர்க்கிறது. "அப்பத்தா, சாக்கு மூட்டை மாதிரி இருக்கிறீர்கள்" என்கிறாள் பேத்தி. குறிப்பில் சொன்ன டபுள் குரோஷாவைத்தான் போட்டேன். ஆனால் அதில் சொன்ன உயரம் வர இரண்டு மடங்கு வரிசை போட வேண்டியிருந்தது. லேசாக, சேலைக்கு மேல் போடும்படி ஒன்று பின்ன என்ன நூல், எவ்வளவு, என்ன பின்னல்? பழையதை என்ன செய்வது?

வணக்கம் ஆச்சி.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பின்னல்கூட விட்டுப்போகவில்லை. ஓரம் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கிறது. என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஓரம் வர இரண்டு வருடம் ஆகும். ஆகவே உங்கள் கைத்திறனில் குறை ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் அந்தத் திறன்தான் இங்கே குறுக்கே நிற்கிறது.

முதலில் உங்கள் கடிதத்தின் ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன்: "இரண்டு மடங்கு வரிசை போட வேண்டியிருந்தது." அதைப் படித்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. குரோஷாவில் ஒரே பெயருக்கு இரண்டு பொருள் உண்டு. பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷா என்றால் குட்டையான பின்னல்: ஊசியை நுழைத்து, நூலை இழுத்து, இரண்டு வளையத்தையும் ஒரே இழுப்பில் முடிப்பது. அமெரிக்க முறையில் அதே பெயர் அடுத்த உயரத்துக்கு உரியது: நுழைக்கும் முன்பே ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, இரண்டு இரண்டாக இரண்டு முறை இழுப்பது. இதைத்தான் பிரிட்டிஷ்காரர்கள் டிரெபிள் என்பார்கள். நம் அம்மாக்கள் கற்றது பெரும்பாலும் பிரிட்டிஷ் புத்தகப் பழக்கம். இணையத்திலிருந்து எடுக்கும் குறிப்புகளில் நிறைய அமெரிக்க வழக்கம். குறிப்பு நெட்டைப் பின்னலைக் கேட்டது. நீங்கள் குட்டைப் பின்னலைப் போட்டீர்கள். படத்தைப் பார்த்தாலும் அதுதான் தெரிகிறது. இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் என் வகுப்பில் ஆங்கிலப் பெயரையே சொல்வதில்லை. குட்டைப் பின்னல், நெட்டைப் பின்னல் என்கிறேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

குட்டைப் பின்னல் மோசமானதல்ல. பைக்கும் தொப்பிக்கும் அதுதான் வேண்டும், ஏனென்றால் இடைவெளியே விடாமல் நூலைத் திணித்து அடைக்கும். அதே காரணத்தால் ஒரே பரப்புக்கு அதிக நூல் தின்னும், மடியாது, விழாது. போன்சோவுக்கு அழகே அது உடம்பின் மேல் விழுவதுதான்.

இரண்டாவது காரணம் உங்கள் கை. தோரணமும் மேசை விரிப்பும் பின்னுகிற கை நூலை இறுக்கிப் பிடித்தே பழகியது. அது சரிதான், மெல்லிய நூலில், மெல்லிய எஃகு ஊசியில், இறுக்கிப் பின்னி, கஞ்சி போட்டு விரித்தால்தான் விரிப்பின் ஒவ்வொரு இதழும் நிற்கும். உடுப்புக்கு அந்த நிற்கும் குணமே ஆகாது. எனக்கும் இந்த வியாதி இருந்தது. முதன்முதலில் பின்னிய சால்வையை மேசையில் நிறுத்தி வைக்கலாம், அப்படி நின்றது. ஆனால் ஐம்பது வருடப் பழக்கத்தை "கையைத் தளர்த்துங்கள்" என்று சொல்லி மாற்ற முடியாது. ஊசியை மாற்றினால் போதும். நூல் உறையில் எந்த ஊசி என்று போட்டிருக்கிறதோ அதைவிட ஒன்று அல்லது ஒன்றரை மி.மீ. தடித்த ஊசியை எடுங்கள். கை தன் பழக்கப்படி இறுக்கும். ஊசி அந்த இறுக்கத்தை வாங்கிக்கொள்ளும். ஒரு சின்ன எச்சரிக்கை: அம்மாவின் பழைய எஃகு ஊசிகளில் எண் கூடக் கூட ஊசி மெலியும். மி.மீ. கணக்கில் எண் கூடக் கூடத் தடிக்கும். கடையில் எண்ணை மட்டும் சொல்லி வாங்காமல் மி.மீ. என்று சொல்லி வாங்குங்கள்.

நூலுக்கு வருவோம். நம் பக்கத்துக் கடைகளில் "உல்லன்" என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். அதில் ஆட்டு மயிர் ஓர் இழைகூட இருக்காது. சந்தேகம் இருந்தால் விரல் நீளம் நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, அடுப்படி மேடையில் வைத்தே கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளி முடி கருகும் வாடை அடித்துத் தானே அணையப் பார்க்கும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கறுப்பாக, கெட்டியாக ஓர் உருண்டை ஆகிவிடும். அந்த உருண்டை தோலில் ஒட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்ரிலிக் போன்சோவோடு அடுப்படிக்குள் போகாதீர்கள். தொங்கும் ஓரத்துக்கு எந்த நூலானாலும் அடுப்படி ஆகாது, அக்ரிலிக்குக் கட்டாயம் ஆகாது.

ஆனால் உங்கள் பழைய போன்சோவின் கனத்துக்கு அக்ரிலிக்கைக் குற்றம் சொல்லக் கூடாது. ஒரே பருமனுள்ள இழையில் அக்ரிலிக்கைவிடப் பருத்தியே கனம். பருத்தியின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, அக்ரிலிக்குடையது 1.2 மடங்குக்கும் சற்றுக் குறைவு. "பருத்தி என்றால் லேசு" என்று நாம் நினைப்பது பருத்திச் சேலை மெல்லிய நூலில் நெய்யப்பட்டிருப்பதால். தடித்த பருத்தி நூலில் அதே போன்சோவைப் பின்னியிருந்தால் ஒரு கிலோவை எட்டியிருக்கும். அக்ரிலிக்கின் குறை வேறு: அது ஈரத்தை வாங்காது. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைத் தனக்குள் வைத்திருக்கும், கம்பளி சுமார் 16. அக்ரிலிக்கில் 2 சதவீதம்தான். பதினொரு மணி வெயிலில் உங்களுக்குப் புழுங்கியது அதனால்தான். வியர்வை போக வழியில்லை. குட்டைப் பின்னல் காற்றுக்கும் வழி விடவில்லை.

மாறி மாறி வரும் வானிலைக்கு எது சிறந்த நூல் என்று பொதுவாகக் கேட்டால், மெல்லிய நயமான கம்பளி என்றுதான் சொல்வேன். ஈரத்தை வாங்கியும் சில்லிடாது, சூடும் ஏறாது. ஆனால் கேட்பது நீங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போட்டுவிட்டு மீதி நாளெல்லாம் பீரோவிலோ பெட்டியிலோ வைப்பீர்கள். நம் ஊர்ப் பூச்சிக்குக் கம்பளி கிடைத்தால் விருந்து. அந்துருண்டை போட்டால் அந்த வாடையோடு பஸ்ஸில் உட்கார வேண்டும். கையால் அலசிப் பிழிகிற பழக்கத்துக்கும் கம்பளி ஒத்துவராது; சூடும் தேய்ப்பும் சேர்ந்தால் சுருங்கி அடைந்துவிடும். ஆகவே உங்களுக்கு என் தேர்வு பருத்தியும் அக்ரிலிக்கும் சரிபாதி கலந்த மெல்லிய நூல். பருத்தி வியர்வையைப் பார்த்துக்கொள்ளும், அக்ரிலிக் எடையைக் குறைக்கும், துவைப்பது சுலபம். அது கிடைக்காவிட்டால் தனிப் பருத்தி. மூங்கில் நூல் என்று பளபளப்பாக ஒன்று விற்கிறார்கள். தொட்டால் பட்டு மாதிரி இருக்கும், விழவும் செய்யும். ஆனால் நனைந்தால் வலு குறையும், மாட்டி வைத்தால் நீளும். பருத்தி நனைந்தால் வலு கூடும். முதல் உடுப்புக்கு மூங்கில் வேண்டாம்.

மெல்லியது என்றால் எவ்வளவு மெல்லியது? 100 கிராம் பந்தில் 400 மீட்டர் அளவுக்கு ஓடும் நூல். உறையிலேயே எடையும் நீளமும் போட்டிருக்கும். 4 பிளை என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். பிளை என்பது எத்தனை இழை முறுக்கியது என்ற கணக்கு, பருமனின் கணக்கு அல்ல. தடித்த இழை நாலை முறுக்கினாலும் 4 பிளைதான். மீட்டரைப் பாருங்கள். கோனாக வாங்கித் தருகிற தறிக்காரர் யாராவது பழக்கமிருந்தால், பத்தாம் நம்பர் பருத்தி நூலை நாலாக முறுக்கியது கேளுங்கள். அது 100 கிராமுக்கு 420 மீட்டர் பக்கம் வரும். இந்த நூலுக்கு நான் 3.5 மி.மீ. ஊசி எடுப்பேன். நீங்கள் 4.5 எடுங்கள்.

இனி வடிவம். போன்சோ தென் அமெரிக்க ஆண்டிஸ் மலைக்காரர்களின் உடுப்பு. ஒரு துணி, நடுவில் தலை போக ஒரு திறப்பு, அவ்வளவுதான். நம் காட்டு வேலைக்காரர்கள் மழைக்குச் சாக்கின் ஒரு மூலையை மற்றொன்றுக்குள் மடக்கிக் கொங்காணி போட்டுக்கொள்வதும் ஏறத்தாழ அதே யோசனைதான். (பேத்தியிடம் சொல்லுங்கள், சாக்கு ஒன்றும் கேவலமில்லை என்று.) நீங்கள் பின்னியது கழுத்திலிருந்து வட்டமாக இறங்கும் வடிவம். சேலை கட்டுகிறவருக்கு அதில் இரண்டு தொல்லை. தலை வழியாக மாட்டும்போது கொண்டை கலையும், தோடும் சங்கிலியும் கண்ணியில் சிக்கும். பஸ்ஸில் நடுராத்திரி கழற்றவேண்டும் என்றால் பக்கத்து இருக்கைக்காரர் மேல் முழங்கை படாமல் கழற்ற முடியாது. வானிலை மாறுகிறது என்றால் போடுவதும் கழற்றுவதும் சுலபமாக இருக்க வேண்டும், எடையைக் காட்டிலும் அது முக்கியம் என்பேன்.

அதனால் ஒரே ஒரு நீள் துண்டு பின்னுங்கள்: அகலம் 48 செ.மீ., நீளம் 120 செ.மீ. விரித்தால் தோள் துண்டு. ஒரு குறுகிய ஓரத்தைக் கொண்டுவந்து, எதிர் முனையில் நீள ஓரத்தோடு சேர்த்தால் போன்சோ. அந்த 48 செ.மீ.யைத் தைக்காமல் பொத்தான் வைத்துச் சேர்க்கப் போகிறோம். நீள ஓரத்தில் சேர்ந்தது போக மீதி 72 செ.மீ.; அதுதான் கழுத்துச் சுற்றளவு. முன்னால் ஒரு முனை கூர்மையாக விழும். கழுத்திலிருந்து அந்த முனை வரை ஏறத்தாழ 68 செ.மீ. இருக்கும். கை பக்கம் முழங்கையைத் தாண்டும். கீழ்ச் சுற்று 168 செ.மீ.; சேலையோடு கையை அசைக்கத் தாராளமாக இடம் இருக்கும். ஒரு பழைய துண்டை இதே அளவுக்கு வெட்டிக் குண்டூசி குத்தி முதலில் போட்டுப் பாருங்கள். உங்கள் உயரம் எனக்குத் தெரியாது. அகலத்தை ஐந்து செ.மீ. குறைக்கலாம், கூட்டலாம். நீளம் எப்போதும் அகலத்தோடு 72 கூட்டினால் வருவது. இந்த ஒரு கணக்கை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்பதில்தான் இந்த வேலையின் சூட்சுமமே இருக்கிறது. 48 செ.மீ. ஓரத்தில் தொடங்கினால் வரிசை சின்னதாக, கைக்கு அடக்கமாக இருக்கும். எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். நீங்கள் 120 செ.மீ. ஓரத்தில், அதாவது கழுத்து வரும் ஓரத்தில் தொடங்குங்கள். குரோஷாவில் மிகக் குறைவாக நீளும் கோடு அடிச் சங்கிலி, அதாவது முதல் வரிசைக்கு அடியாகப் போடும் சங்கிலி. அதைக் கழுத்தில் வைத்துவிட்டால் கழுத்து தொங்காது. உங்கள் பழையதில் முக்கால் கிலோவும் கழுத்து வளையத்தில்தான் தொங்கியது. எந்தக் கழுத்தும் இறங்கத்தான் செய்யும். இன்னொரு லாபமும் உண்டு. வரிசைகள் தோளிலிருந்து கீழ்நோக்கி இறங்குவதால், மேலே அடைப்பாகவும் கீழே திறப்பாகவும் பின்னலாம். பஸ்ஸில் ஏசிக் காற்று எங்கிருந்து வருகிறது? தலைக்கு மேலிருந்து, நேராகப் பிடரியிலும் தோளிலும். குளிர் பிடிப்பதும் அங்கேதான். முழங்கைக்குக் கீழே சூடு வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. முழுவதும் ஓட்டை ஓட்டையாகப் பின்னினால் படத்துக்கு அழகாக இருக்கும், பஸ்ஸில் பயன்படாது. சூடு என்பது நூலுக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான், ஓட்டை வழியே காற்று ஓடினால் சூடு எங்கே நிற்கும்? முழுவதும் அடைத்தால் கனம். தோளை அடையுங்கள், கீழே திறந்துவிடுங்கள்.

சங்கிலியை மட்டும் 5 மி.மீ. ஊசியில் போடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கைக்கு ஓரம் சுருங்கி வில்லாக வளையும். என் கணக்கில் 10 செ.மீ.க்கு நெட்டைப் பின்னல் 20 வருகிறது, 120 செ.மீ.க்கு 240, ஓரத்துக்கு ஒன்றொன்றாக இரண்டு, ஆக 242. உங்களுக்கு 19 வந்தால் மொத்தத்தை மாற்றுங்கள். மூன்றால் வகுபடும் எண்ணோடு இரண்டு சேர்ந்திருந்தால் சரி. முதல் 14 செ.மீ. வரை வெறும் நெட்டைப் பின்னல். அதற்குப் பிறகு இரட்டைக் கிளை: ஓரப் பின்னல் ஒன்று, பிறகு ஒன்றை விட்டு, அடுத்ததில் ஒரு நெட்டை, ஒரு சங்கிலி, அதே இடத்தில் இன்னொரு நெட்டை, பிறகு ஒன்றை விடுங்கள். மூன்று பின்னலுக்கு ஒரு கிளை வீதம் 80 கிளை. அடுத்த வரிசையிலிருந்து ஒவ்வொரு கிளையின் நடுச் சங்கிலி இடைவெளியிலும் இன்னொரு கிளை. வேறு எண்ணிக்கை இல்லை. ஊஞ்சலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே போடலாம். கடைசி எட்டுச் செ.மீ.க்கு மட்டும் கிளையின் நடுவில் இரண்டு சங்கிலி. கீழ்ப்பாகம் கொஞ்சம் விரிந்து, அலை மாதிரி விழும்.

அகலம் 45 செ.மீ. வந்ததும் நிறுத்திவிடுங்கள். பருத்தி கலந்த நூல் தன் கனத்தில் தானே இறங்கும்; நெட்டைப் பின்னலின் கால்கள் தொங்கும் திசையிலேயே நிற்பதால் இன்னும் இறங்கும். ஒரு மாதத்தில் 48 ஆகிவிடும். கூர்முனைப் பக்கம் துணி குறுக்குவாட்டில் தொங்குவதால் அங்கே இறக்கம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு வரிசை என்று வைத்தால் ஒரு மாதத்துக்குள் முடியும். ஐப்பசி மழைக்கு முன் வேண்டும் என்றால் ஆவணி கடைசியிலாவது நூல் வாங்கிவிடுங்கள்.

நூல் எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். யாரும் இதற்குச் சரியான பதில் சொல்ல முடியாது, உங்கள் மாதிரித் துண்டைத் தவிர. 15 செ.மீ. சதுரம் ஒன்று பின்னுங்கள், மூன்றில் ஒரு பங்கு அடைப்பாக, மீதி கிளையாக. அலசி, காயவைத்து, கிளிப் போட்டு ஒரு ராத்திரி தொங்கவிட்டு, மறுநாள் அளந்து நிறுத்துப் பாருங்கள். அடுப்படித் தராசில் ஐந்து ஆறு கிராம் சரியாகக் காட்டாது. பழக்கமான நகைக்கடைக்குப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், அவர்கள் சிரித்துக்கொண்டே நிறுத்துத் தருகிறார்கள். சதுரம் 225 சதுர செ.மீ.; போன்சோ 48 பெருக்கல் 120, அதாவது 5,760. வகுத்தால் 25.6. சதுரம் 7 கிராம் இருந்தால் மொத்தம் 180 கிராம் பக்கம். 250 கிராம் வாங்கினால் ஓரத்துக்கும் போதும், பிறகு ஏதாவது சிக்கி அறுந்தால் ஒட்டவும் நூல் இருக்கும். எல்லாப் பந்தும் உறையில் ஒரே சாய எண் உள்ளதாக, அதாவது ஒரே தடவையில் சாயம் போட்டதாகப் பார்த்து எடுங்கள். சதுரம் 10 கிராமுக்கு மேல் போனால் ஊசியை அரை மி.மீ. ஏற்றி இன்னொரு சதுரம் பின்னுங்கள். மாதிரித் துண்டு வேலையை வீண் என்று நினைக்கிறவர்கள் முழு போன்சோவையே மாதிரித் துண்டாகப் பின்னி முடிக்கிறார்கள். உங்களைச் சொல்லவில்லை ஆச்சி, என்னைச் சொல்கிறேன்.

பின்னி முடித்ததும், கழுத்தாக வரப்போகும் 72 செ.மீ. ஓரத்தில் மட்டும் 3.5 மி.மீ. ஊசியால் ஒரு வரிசை குட்டைப் பின்னல், பத்துக்கு ஒன்று விட்டு. கழுத்து 65 செ.மீ. பக்கம் அடங்கும். உங்கள் இறுக்கக் கைக்கு இந்த உடுப்பில் முழு மரியாதை இந்த ஒரு வரிசையில்தான், நன்றாக இறுக்குங்கள்.

பொத்தான் ஆறு, எட்டுச் செ.மீ.க்கு ஒன்று. சிரட்டையில் செய்தது அல்லது மரம். பித்தளை, கண்ணாடி வேண்டாம், கனத்தில் இழுக்கும். நீள ஓரத்தின் அடைப்பான பட்டையில் தையுங்கள். அது கெட்டியாக இருப்பதால் தாங்கும். பொத்தான் துளை என்று தனியாக எதுவும் பின்னத் தேவையில்லை. எதிர் ஓரத்தில் வரிசைக்கு வரிசை ஏறும் திருப்புச் சங்கிலி விடும் இடைவெளியே துளை. பொத்தானை முதலில் வாங்கி அந்த இடைவெளியில் நுழைகிறதா என்று பார்த்துவிட்டுத் தையுங்கள். மடிக்கும் திசையைப் பார்த்துப் பொத்தான் வரிசை வலப்பக்கம் வரும்படி போட்டுக்கொண்டால், இடது தோளில் முந்தானை மடிப்பு, ஊக்கு, பொத்தான் என்று எல்லாம் ஒரே இடத்தில் குவியாது. பெங்களூரில் வெயில் ஏறியதும் ஆறு பொத்தானையும் கழற்றி மடித்தால் கைப்பைக்குள் போய்விடும்.

மழைக்கு இது ஆகாது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓட்டையுள்ள எந்தப் பின்னலும் தூறலைப் பத்து நிமிடம் ஏமாற்றும், அதற்கு மேல் குடித்துக் கனத்துவிடும். குடையை விடாதீர்கள். நனைந்துவிட்டால் பிழியாமல் ஒரு துவாலையில் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுத்து, படுக்கப் போட்டுக் காயவையுங்கள். உங்கள் வீட்டு வளவைச் சுற்றியிருக்கும் தாழ்வாரம் இதற்கென்றே கட்டினது மாதிரி: நிழலும் உண்டு, முற்றத்துக் காற்றும் உண்டு. ஆத்தங்குடிக் கல்லின் மேல் நேராக விரிக்காமல் வெள்ளைத் துண்டு போட்டு விரியுங்கள். கொடியில் மாட்டினால் ஒரே நாளில் அரைச் சாண் நீண்டுவிடும். அக்ரிலிக் கலந்திருப்பதால் இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். ஒரு முறை சூடு பட்டால் தொளதொளத்துப் போகும், பழைய நிலைக்குத் திரும்ப வராது.

நிறம் உங்கள் விருப்பம். நீங்கள் கண்டாங்கி அதிகம் கட்டுவதாகப் படத்தில் தெரிகிறது. அந்த அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்பும் கட்டம் கட்டமாக ஏற்கெனவே போதுமான அளவு பேசுகின்றன. மேலே போடுவது ஒரே நிறமாக, சந்தனமோ சாம்பலோ, இருக்கட்டும். கலர் மாறி மாறி வரும் நூல் பந்து கடையில் கண்ணைப் பறிக்கும். வேண்டாம். அடர் நிறம் எடுத்தால் மாதிரித் துண்டை அலசும்போதே ஒரு வெள்ளைத் துணியோடு சேர்த்து அலசிச் சாயம் ஒட்டுகிறதா பாருங்கள். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள்; கடையில் வாங்கிய நூலுக்கு அது பெரிதாக உதவியதை நான் பார்த்ததில்லை. ஒட்டினால் வேறு நூல் வாங்குவதுதான் வழி.

பழையதைப் பிரிக்கலாமா என்று யோசித்தேன். குட்டைப் பின்னலில் இறுகிய அக்ரிலிக்கைப் பிரிப்பது மூன்று நாள் வேலை. பிரித்தாலும் நூல் சுருள் சுருளாக நிற்கும், தடிப்பும் குறையாது. பிரிக்காதீர்கள். கெட்டியாக, அடைப்பாக, பலகை மாதிரி இருக்கிறது என்றுதானே எழுதியிருந்தீர்கள். கழுத்துத் துளையைத் தைத்து மூடி, ஊஞ்சலில் விரித்துவிடுங்கள். மார்கழிக் காலையில் அந்த ஊஞ்சல் பலகை எவ்வளவு சில்லென்று இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.